120 மில்லிமீட்டர் வரப்புத் தகராறு

கம்ப்யூட்டர் கேஸை லிட்டர்ல அளப்பாங்கன்னு தெரிஞ்சப்போ எனக்கே சிரிப்பா தான் இருந்துச்சு. வீட்டம்மாகிட்ட "பத்து லிட்டர்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்"னு சொன்னேன், அவங்க கிச்சன்ல இருந்தபடியே "நம்ம ரெண்டு பேருக்கு பத்து லிட்டர் குக்கர் எதுக்குங்க"ன்னாங்க. குக்கர் இல்ல, கம்ப்யூட்டர்னு புரிய வைக்கிறதுக்குள்ள குழம்பு பொங்கிருச்சு. வாசல்ல நிக்கிற 20 லிட்டர் தண்ணி கேன் இருக்குல்ல, அதுல பாதி. அந்தப் பாதி கேனுக்குள்ள மதர்போர்டு (எல்லா பாகமும் மாட்டுற பலகை), கேம் படம் வரையிற கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, ப்ராசசர் சூட்டை இறக்குற கூலர் எல்லாத்தையும் அடைச்சு, மேடவாக்கத்துல ஏசி போடாத 33 டிகிரி ரூம்ல கேம் ஆடணும். ஆறு மாசமா இதே நினைப்பு தான். இப்போ செஞ்சு முடிச்சு ஒரு கத்திரி வெயிலையும் தாண்டிட்டேன், அதான் எழுத உக்காந்துட்டேன்.

ஏன் இந்த வேண்டாத வேலைன்னா, ரெண்டு காரணம். ஒண்ணு, வீடு சின்னது. பழைய டவர் 45 லிட்டருக்கு மேல இருக்கும், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் மாதிரி நிக்கும், அது மேல எப்பவும் ரெண்டு ஈர டவல் கிடக்கும். ரெண்டாவது காரணம் திருச்சி. மாசத்துல ஒரு வாரம் ஊருக்குப் போய் அம்மா அப்பா கூட இருந்து அங்கிருந்தே வேலை பாக்குறேன், ராத்திரி பத்து மணிக்கு ஊரடங்கினப்புறம் அங்க எனக்குன்னு ஒண்ணும் இல்ல, டிவில சீரியல் ரிப்பீட்டு ஓடும், அவ்ளோதான்.

"லேப்டாப் வாங்கித் தொலைய வேண்டியதானடா"ன்னு ஆபீஸ்ல கேக்காத ஆள் இல்ல. நானும் பார்த்தேன். ஆனா லேப்டாப்ல வர்ற ஆர்டிஎக்ஸ் 4070ங்கிற கிராபிக்ஸ் கார்டுக்கும் டெஸ்க்டாப்ல வர்ற 4070க்கும் பேர் தான் ஒண்ணு, ஆளு வேற. டெஸ்க்டாப்ல ஏடி104 சிப்பு, 12 ஜிபி மெமரி. லேப்டாப்ல அதைவிட சின்ன ஏடி106, மெமரி 8 ஜிபி. அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் ஒரே தாத்தா பேர வெச்ச மாதிரி, கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாங்க, ஆனா மூட்டை தூக்கச் சொன்னா தான் வித்தியாசம் தெரியும். அதுவும் போக, லேப்டாப்ல கார்டு போச்சுன்னா போர்டோட போச்சு. டெஸ்க்டாப்னா ஒரு பாகத்தை மட்டும் கழட்டி மாத்திக்கலாம். இந்த வயசுல மாத்திக்கிற மாதிரி இருக்கிறது நல்லதுன்னு தோணுச்சு.

சரி, இந்த சின்ன பொட்டி எப்படி சின்னதாச்சுன்னு கொஞ்சம். சாதாரண ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மினி ஐடிஎக்ஸ்ங்கிறது 170க்கு 170, பரோட்டா கல்லுல ஒரு பரோட்டா அளவு. 2001ல வியாங்கிற தைவான் கம்பெனி கொண்டு வந்தது, கேமிங்குக்காக இல்ல, கம்மி கரண்ட் குடிக்கிற சின்ன மெஷினுக்காக. அதுல ரேம் ஸ்லாட் ரெண்டே ரெண்டு, கார்டு ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு. ஆனா யோசிச்சுப் பாருங்க, கேம் ஆடுறவனுக்கு அந்த ஒரு ஸ்லாட்டு போதுமே, இன்னைக்கு எவன் ரெண்டு கார்டு போடுறான். இந்த விஷயத்தைப் புடிச்சிக்கிட்டு தான் கம்ப்யூட்டர் பைத்தியங்க சில பேர் தாங்களே கேஸ் டிசைன் பண்ண ஆரம்பிச்சாங்க. என்கேஸ் எம்1னு ஒண்ணு 2013ல பொதுமக்கள்கிட்ட முன்பணம் வாங்கியே தயாராச்சு. அப்புறம் ஜெர்மனிக்காரர் ஒருத்தரோட டேன் ஏ4, வெறும் 7.2 லிட்டர். அதுல தான் போர்டும் கார்டும் முதுகோட முதுகு ஒட்டி நிக்கிற சாண்ட்விச் அமைப்பு ஃபேமஸ் ஆச்சு. நடுவுல ஒரு ரைசர் கேபிள் வளைஞ்சு ரெண்டையும் சேர்க்கும். 20 லிட்டருக்கு கீழ இருந்தா தான் சின்ன பிசின்னு பொதுவா ஒரு கணக்கு. கூலர் மாஸ்டர் என்ஆர்200, 2020ல வந்துச்சு, 18 லிட்டர். அதுல எல்லாமே தாராளமா போகும். முதல் தடவை பண்றவங்க கண்ண மூடிட்டு அதை வாங்குங்க, இப்பவே சொல்லிடுறேன். நான் வாங்கல. எனக்கு அழகு மேல ஆசை.

நான் வாங்கினது ஃப்ராக்டல் டெர்ரா. 10.4 லிட்டர், அலுமினியம் பாடி, முன்னாடி ஒரு பட்டை வால்நட் மரம். மச்சான் சிங்கப்பூர்ல இருந்து வர்றப்போ எடுத்துட்டு வந்தான். "மாமா, தங்கம் கேட்டாக்கூட கஸ்டம்ஸ்ல பதில் சொல்லிடலாம், இத என்னன்னு சொல்றது"ன்னு ஏர்போர்ட்லயே புலம்பல்.

இந்த கேஸோட விசேஷமே நடுவுல இருக்கிற தடுப்பு தான். அத முன்ன பின்ன நகர்த்தலாம். மொத்தம் ஏழு இடம். ஒரு பக்கம் கார்டு, இன்னொரு பக்கம் போர்டும் கூலரும். கார்டுக்கு 43ல இருந்து 72 மில்லி வரைக்கும் தடிமன் கிடைக்கும், கூலருக்கு 77ல இருந்து 48 வரைக்கும் உயரம். கூட்டிப் பாருங்க, எப்படிப் பார்த்தாலும் 120. ஒருத்தனுக்கு 5 மில்லி குடுத்தா இன்னொருத்தனுக்கு 5 மில்லி போச்சு. எங்க ஊர் பக்கம் பங்காளிங்க வருஷா வருஷம் வரப்பை வெட்டி வெட்டி அந்தப் பக்கம் தள்ளுவாங்கல்ல, அப்புறம் பஞ்சாயத்து, சர்வேயர், சங்கிலின்னு போகும்ல, அதே கதை தான். தடி கார்டு வாங்கினா கூலர் குட்டையா போயிடும், ப்ராசசர் வேகும். பெரிய கூலர் வெச்சா கார்டு மெல்லிசா வாங்கணும், அது சத்தம் போடும். ஆறு மாசத்துல பாதி நாள் நான் நோட்டுல இந்த 120ஐ தான் பிரிச்சிட்டிருந்தேன். டீக்கடைல கூட.

அதுல நான் பண்ணின முட்டாள்தனம் என்னன்னா, கார்டை முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஆஃபர்ல கிடைக்குதேன்னு கூலரை வாங்கிட்டேன். அப்போ பெரிய மூணு ஃபேன் கார்டு போடலாம்னு நினைப்பு, அதனால குட்டையா 53 மில்லி உயரத்துல தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90. கடைசில பட்ஜெட் உதைச்சு ரெண்டு ஃபேன் 4070ல வந்து நின்னேன், அது 51 மில்லி. தடுப்பை நகர்த்தி கார்டுக்கு 53 விட்டா கூலர் பக்கம் 67 கிடைக்குது, ஆனா கையில இருக்கிறது 53. 14 மில்லி சும்மா வெத்தா கிடக்கு. இந்த 14 மில்லி அப்புறம் வில்லனா வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

மத்த பார்ட்ஸுக்கு சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட். ரொம்ப வருஷமா போற இடம், அந்த நரசிங்கபுரம் தெரு முனையில திரும்பினாலே காலேஜ் ஞாபகம் வந்துரும். ஆனா மினி ஐடிஎக்ஸ்னு கேட்டா அங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. மூணு கடைல இல்லன்னுட்டாங்க. நாலாவது கடைல ஒரு தம்பி, "ப்ரோ, அது ஸ்டாக் வைக்க மாட்டோம், கேக்குறவங்க வருஷத்துக்கு நாலு பேர், ஆர்டர் போட்டா ஒரு வாரத்துல வரும், அட்வான்ஸ் குடுத்துடுங்க"ன்னான். விலையக் கேட்டா மயக்கம். அதே பி650 சிப்செட்டு (போர்டோட ரகத்தைச் சொல்ற சிப்பு) பெரிய போர்டுல என்ன விலையோ அதுக்கு கிட்டத்தட்ட டபுள். கம்மி இடம், கம்மி ஸ்லாட்டு, ஆனா விலை மட்டும் ஜாஸ்தி. மைலாப்பூர்ல வீடு பாக்குற மாதிரி. அநியாயம்னு சொல்லவும் முடியல, அந்த 17 சென்டிமீட்டர் சதுரத்துக்குள்ள எல்லா வயரிங்கையும் கொண்டு வரணும்னா போர்டுல லேயர் ஜாஸ்தி வேணும், விக்கிறதும் கம்மி, என்ன பண்றது.

பவர் சப்ளைல தான் செம காமெடி. சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை 150 மில்லி அகலம், 86 உயரம். இதுக்கு வேண்டியது எஸ்எஃப்எக்ஸ், 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம். கடைல ஒரு அண்ணன், பேரு வேண்டாம், "சார் இது எல்லா கேஸுக்கும் போகும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு பெருச எடுத்து டேபிள்ல வெச்சுட்டார். என்னத்த அட்ஜஸ்ட் பண்றது, அது என் கேஸோட அகலத்துக்கே வருது அண்ணே. கடைசில 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் ஆன்லைன்ல தான் வாங்கினேன். இவ்ளோ வாட் தேவையே இல்ல, 600 போதும், ஆனா பாதி லோடுல ஓடினா அதோட ஃபேன் மெதுவா சுத்தும், சத்தம் கம்மி, அதுக்காக.

ப்ராசசர் ரைசன் 5 7600, 65 வாட் ரகம். ரேம் ரெண்டு 16, டிடிஆர்5. இங்க ஒரு விஷயம், ஸ்லாட்டு ரெண்டே ரெண்டு தான், "இப்போ 16 போட்டுட்டு அப்புறம் சேர்த்துக்கலாம்"ங்கிற நம்ம ஊரு கணக்கு இங்க நடக்காது, ரெண்டு ஸ்லாட்டும் ரொம்பினப்புறம் சேர்க்கணும்னா இருக்கிறத கழட்டி வித்துட்டு தான் சேர்க்கணும். மறக்காம லைட்டு எரியாத ரேமா பார்த்து வாங்குங்க. லைட்டு ரேம் உயரமா இருக்கும், அந்த உயரத்துக்கு இங்க இடம் கிடையாது. மூடின பொட்டிக்குள்ள எரிஞ்சு யாருக்கு என்ன பிரயோஜனம்.

சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சேன். பெரிய கேஸ்ல எதை முதல்ல மாட்டினாலும் பரவால்ல, கை போகும். இதுல வரிசை தப்பினா முடிஞ்சுது. போர்டுக்குப் பின்பக்கம் ஒரு எஸ்எஸ்டி ஸ்லாட்டு இருக்கு, அதை போர்டு உள்ள போறதுக்கு முன்னாடியே போட்டாகணும். ப்ராசசருக்கு போற 8 பின் கேபிளை கூலர் உக்காருறதுக்கு முன்னாடி சொருகணும், ஏன்னா கூலர் உக்காந்தப்புறம் அந்த மூலைக்கு விரல் போகாது. எஸ்எஸ்டிய கரெக்டா போட்டேன். 8 பின்னையும் சொருகினேன். சொருகினேன்னு தான் நினைச்சேன்.

கேபிள் தான் நிஜமான எதிரி. பவர் சப்ளையோட வந்த, போர்டுக்கு கரண்ட் குடுக்கிற 24 பின் கேபிள் பெரிய கேஸுக்கு ஏத்த நீளம், மடிச்சு மடிச்சு உள்ள வெச்சா பாய் சுருட்டின மாதிரி ஆகுது, மூடினா மூடி எழும்பி நிக்குது. ஒரு மணி நேரம். உள்ளங்கை ஓரத்துல கீறல், ஆள்காட்டி விரல்ல ரத்தம், வீட்டம்மா பேண்ட்எய்டு ஒட்டிட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாங்க, அந்த மௌனம் தான் பயங்கரம். கடைசில கேபிளை ஒரே கட்டா கட்டாம, ரெண்டு ரெண்டு வயரா பிரிச்சு தட்டையா பவர் சப்ளைக்கு கீழ பரப்பினேன், பூ தொடுக்குறவங்க நாரை ஈரம் பண்ணி நீவுவாங்கல்ல அந்த மாதிரி ஒவ்வொண்ணா நீவி விட்டேன், மூடி டக்குன்னு உக்காந்துச்சு. அந்த டக்கு சத்தத்துக்கு நான் கத்தின கத்துல பக்கத்து ஃபிளாட் குழந்தை எந்திரிச்சிருச்சு.

பவர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுத்துது. ஸ்க்ரீன் கருப்பு.

இங்க தான் படிச்ச படிப்பு என்னைக் கவுத்துச்சு. இந்த ரைசன் ப்ராசசர் உக்காருற ஏஎம்5 ரக போர்டும் டிடிஆர்5 ரேமும் முதல் தடவை ஆன் பண்ணும்போது மெமரி ட்ரெய்னிங்னு ஒண்ணு பண்ணும், ரேம் கூட எந்த டைமிங்ல பேசினா தப்பில்லாம பேசலாம்னு போர்டே சோதிச்சுப் பாக்கும், அது முடியிற வரைக்கும் பல நிமிஷம் ஸ்க்ரீன் கருப்பா தான் இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்கன்னு எல்லாரும் சொல்லியிருந்தாங்க. நானும் பெரிய ஞானி மாதிரி கையக் கட்டிட்டு உக்காந்தேன். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். காபி போட்டுக் குடிச்சேன். இருபத்தஞ்சு நிமிஷம். "இன்னும் ட்ரெய்னிங்காங்க? எங்க ஆபீஸ்லயே மூணு நாள்ல முடிச்சிடுவாங்க"ன்னு உள்ள இருந்து குரல்.

சந்தேகம் வந்து மொபைல் டார்ச்சை அடிச்சு கேபிள் இடுக்குல பாத்தா, போர்டு ஓரத்துல கடுகு சைஸுக்கு ஒரு சிவப்பு லைட்டு. ப்ராசசர்னு எழுதின லைட்டு. அது எப்போலேர்ந்து எரியுதோ, நான் நீவி நீவி பரப்பின அதே கேபிள் தான் அதை மறைச்சிருக்கு. மூடியக் கழட்டி, பவர் சப்ளையக் கழட்டி, கூலரைக் கழட்டி, நடுவுல சூடு கடத்துற பேஸ்ட்டைத் துடைச்சுப் பாத்தா, அந்த 8 பின் கேபிள் ஒரு மில்லி தள்ளி நிக்குது. உக்காந்த மாதிரி இருக்கு, ஆனா க்ளிப்பு மாட்டல. கட்டை விரல்ல ஒரு அமுக்கு, க்ளிக். மறுபடியும் எல்லாம் மாட்டி ஆன் பண்ணினேன், மறுபடியும் கருப்பு ஸ்க்ரீன். இந்த தடவை நெஜமாவே ட்ரெய்னிங் தான், ஆனா நம்பிக்கை போச்சே, மூணாவது நிமிஷத்துல கை ஸ்விட்சுக்கு போயிடுச்சு, வீட்டம்மா தான் கையப் புடிச்சாங்க. அடுத்த நிமிஷம் ஸ்க்ரீன்ல எழுத்து வந்துச்சு. சாயந்திரம் ஆறரை.

ரைசர் கேபிள் பத்தி ஒரு வார்த்தை. எனக்கு அதுல பிரச்சனை வரல, ஆனா பழைய கேஸ் செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க கவனிக்கணும். கார்டும் போர்டும் பேசிக்கிற பாதைக்கு பிசிஐஇன்னு பேர், பழைய ரைசர் அதோட மூணாம் தலைமுறைக்கு செஞ்சது, 4070 மாதிரி கார்டு நாலாம் தலைமுறை வேகத்துல பேச முயற்சி பண்ணும், கேபிள் தாங்காது, டிஸ்ப்ளே வராது, இல்ல ஆடிட்டிருக்கும்போதே பொசுக்குன்னு போயிடும். கார்டு டெட்டுன்னு நினைச்சு கடைக்கு ஓடாதீங்க, பயாஸ்ல (போர்டோட செட்டிங் பக்கம்) போய் ஸ்லாட் வேகத்தை ஜென் 3, அதாவது மூணாம் தலைமுறைன்னு மாத்தினா பெரும்பாலும் சரியாயிடும், 4070 மாதிரி கார்டுல கேம் வேகமும் பெருசா குறையாது. ரைசரை லேசா நினைக்கவும் வேண்டாம். என்செட்எக்ஸ்டி எச்1னு ஒரு சின்ன கேஸ், ரைசரை கேஸோட சேர்த்துப் புடிக்கிற ஸ்க்ரூவால ஷார்ட் சர்க்யூட் ஆகி தீப்பிடிக்கலாம்னு 2021ல திரும்ப வாங்கினாங்க. சின்ன இடத்துல சின்ன ஸ்க்ரூ கூட பெரிய விஷயம்.

இப்போ சூடு. இதுக்காகத் தான் மொத்தத்தையும் எழுதுறேன்.

நாம படிக்கிற பாக்குற ரிவ்யூ எல்லாம் பெரும்பாலும் 20, 22 டிகிரி ரூம்ல எடுத்தது. அங்க "ப்ராசசர் 72 டிகிரி, சூப்பர்"னு சொல்வாங்க. சென்னைல மே மாசம் ஃபேன் காத்துல உக்காந்தா ரூமே 33, 34. கூலரால வெளிய இருக்கிற காத்தை விட குளிர வைக்க முடியாது, அதனால அவங்க சொல்ற நம்பரோட 12ஐ கூட்டிக்கணும், அதான் நம்ம நம்பர். 72 இங்க 84. முதல் நாள் ராத்திரி சைபர்பங்க் 2077 கேம் போட்டேன், அரை மணி நேரத்துல ப்ராசசர் 86, கார்டு 83 தொட்டு அதோட எல்லைல நிக்குது, சத்தம் பக்கத்து வீட்ல மிக்ஸில சட்னி அரைக்கிற மாதிரி.

முதல்ல அந்த 14 மில்லி. கூலர் மேல இருக்கிற ஃபேன் சைடு பேனல் ஓட்டை வழியா வெளிக்காத்தை இழுக்கணும், அதான் ஏற்பாடு. ஆனா ஃபேனுக்கும் பேனலுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா, ஃபேன் ரொம்ப கஷ்டப்பட்டு வெளிய இருந்து இழுக்காது, பக்கத்துலயே தான் துப்பின சூடான காத்தையே திரும்ப உறிஞ்சிக்கும். ஆத்துல குளிச்ச தண்ணியிலேயே வாய் கொப்பளிக்கிற கதை. அதுக்கு ஒரே வழி அந்த இடைவெளிய சுத்தி அடைக்கிறது. தெரு முனை ஸ்டேஷனரி கடைல ஸ்கூல் பிராஜெக்டுக்கு விக்கிற ஃபோம் ஷீட்டு, 5 மில்லி தடிமன், மூணு வாங்கினேன். அக்கா "எந்த கிளாஸ் படிக்கிறான் பையன்"னு கேட்டாங்க, மூணாங்கிளாஸ்னு சொல்லிட்டேன். ஃபேன் வட்டத்துக்கு அளவு எடுக்க காம்பஸ் இல்ல, தேடிப் பாத்தா காபி டபரா வாய் கச்சிதமா பொருந்துச்சு. டபராவ கவுத்து பேனால வட்டம் போட்டு ப்ளேடால வெட்டி, மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினா 15 மில்லி, பேனலை மூடும்போது லேசா அமுங்கி இறுக்கமா உக்காந்துக்கிச்சு. அதே கேம், அதே ரூம், 86 இருந்தது 79க்கு வந்துச்சு. அறுபது ரூபா செலவு. சத்தியமா என்னால நம்ப முடியல, கழட்டிட்டு மறுபடியும் அளந்தேன், மறுபடியும் மாட்டி அளந்தேன்.

கார்டுக்கு ஃபோம் கதை எடுபடல, அதோட ஃபேன் ஏற்கனவே பேனலை ஒட்டித் தான் இருக்கு. அங்க தான் வோல்டேஜ். சிப்பு சாப்பிடுற வாட்டு, வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். ஒரே வேகத்துல 1.1 வோல்ட்டுக்கு பதிலா 0.95 குடுத்தா, 0.95ஐ 1.1ஆல வகுத்து வர்க்கம் பண்ணிப் பாருங்க, கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். கம்பெனிக்காரன் எல்லா சிப்பும் ஓடணும்னு கொஞ்சம் தாராளமா வோல்டேஜ் வெச்சிருப்பான், நம்ம சிப்புக்கு அவ்ளோ வேண்டாம்னா குறைச்சுக்கலாம். கார்டு செட்டிங்கை மாத்துற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைத் திறந்து கண்ட்ரோல் எஃப் அமுக்கினா ஒரு கோடு வரும், 0.95 வோல்ட்டு கிட்ட 2600 மெகாஹெர்ட்ஸ்ல அந்தக் கோட்டைத் தட்டையாக்கிட்டேன். 200 வாட் குடிச்சிட்டிருந்த கார்டு 155 பக்கம் வந்துருச்சு, கேம்ல போனது செகண்டுக்கு மூணு நாலு ஃப்ரேம் (திரையில மாறுற படம்), கண்ணுக்குத் தெரியல. ரெண்டு வாரம் ராஜா மாதிரி ஓடிட்டு ஒரு ராத்திரி பாதி கேம்ல க்ராஷ், 2550க்கு இறக்கினேன், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் வாய் திறக்கல. ப்ராசசரை கரண்ட் கம்மியா குடிக்கிற 45 வாட் ஈகோ மோடுல போட்டேன், பேரப் பாத்து பயப்படாதீங்க, அதுக்கு இருக்கிற ஈகோவக் குறைக்கிற மோடு தான் அது.

இன்னொன்னு, ஃப்ரேமுக்கு ஒரு எல்லை வெச்சிருங்க. எல்டன் ரிங் மாதிரி கேம் தானாவே 60க்கு மேல போகாது, அதை ஆடும்போது என் பொட்டி தூங்குற குழந்தை மாதிரி இருக்கும். மத்த கேம்ல நானே 90ன்னு வெச்சிட்டேன். இதுல ஒரு எக்ஸ்ட்ரா லாபம், கார்டு காயில்ல இருந்து ஒரு கீச்சு சத்தம் வருமே, அது போச்சு. டவர் கீழ கிடந்தப்போ அந்த சத்தமே கேட்டதில்ல, டேபிள்ல காதுக்குப் பக்கத்துல வெச்சப்புறம் தான் கேட்டுச்சு.

"சின்ன பொட்டின்னா ரூம் ஜாஸ்தி சூடாகுமா"ன்னு தம்பி கேட்டான். இல்லடா, பொட்டி சைஸுக்கும் ரூம் சூட்டுக்கும் சம்பந்தமே இல்ல, ப்ளக்குல இருந்து எத்தனை வாட் வருதோ அத்தனையும் கடைசில சூடா ரூமுக்குள்ள தான் வரும், டவரா இருந்தாலும் இதே தான். ஒரு டன் ஏசி சுமார் 3500 வாட் சூட்டைத் தூக்கிப் போடும், 300 வாட் பிசின்னா அதுல பன்னெண்டுல ஒரு பங்கு நாமளே உள்ள ஊத்துறோம். அதனால தான் எனக்கு ஃபேன் மேல ஃபேன் வைக்கிறதுல ஆர்வம் போயிடுச்சு. ஃபேன் சூட்டை இடம் மாத்தும், அவ்ளோதான். வாட்டைக் குறைச்சா தான் சூடே பொறக்காது. பிசியும் மானிட்டரும் சேர்ந்து இப்போ 270 வாட் பக்கம், வீட்ல இருக்கிற 600 விஏ யுபிஎஸ்ஸு 360 வாட் தாங்கும், முன்னாடி அதுக்கு மூச்சு முட்டிட்டிருந்துச்சு, இப்போ கரண்ட் போனா சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ண தாராளமா டைம் கிடைக்குது.

அப்புறம் பயணம். மொத்தம் ஆறேழு கிலோ, முதுகுப் பையில டவல் சுத்தி வெச்சா போகும். டவல் இப்போ தான் சரியான வேலைக்கு வந்திருக்கு. எழும்பூருக்கு மெட்ரோல போறப்போ ஸ்கேன்ல பை உள்ள போச்சு, மானிட்டர்ல பாத்துட்டிருந்தவர் நிமிர்ந்தார். "சார், உள்ள என்ன?" கம்ப்யூட்டர்ணே. "கம்ப்யூட்டர்னா தட்டையால்ல இருக்கும்?" திறந்து காட்டினேன். மரப் பட்டையத் தடவிப் பாத்துட்டு "ரேடியோ மாதிரி இருக்கு"ன்னார். என்ன வெல சொன்னா நம்புவார்னு தெரியாம பழசுண்ணேன்னு சொல்லிட்டு நடந்துட்டேன். பல்லவன் எக்ஸ்பிரஸ்ல காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு திருச்சி வரைக்கும் ஒரு கை அது மேலயே இருந்துச்சு, செங்கல்பட்டுல பக்கத்து சீட் பெரியவர் "சாமி படமா தம்பி"ன்னு கேட்டார்.

திருச்சில ஹால் டிவி பக்கத்துல, ஷோகேஸ்ல தஞ்சாவூர் பொம்மைக்கு கீழ இடம். மே மாசம், ஊர்ல 40 டிகிரி. முதல் நாள் ஓகே. ரெண்டாம் நாள் ராத்திரி ஆட ஆரம்பிச்ச கால் மணி நேரத்துல கார்டு 83, ப்ராசசர் 92, சத்தம் மறுபடியும் சட்னி. எனக்கு உதறல். ட்ரெயின் குலுங்கினதுல கூலர் லூசாயிடுச்சா, ஃபோம் நழுவிடுச்சா, வோல்டேஜ் செட்டிங் போயிடுச்சா. சாஃப்ட்வேர்ல எல்லாம் சரியா தான் இருக்கு. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு ஷோகேஸ் கிட்ட போய் லைட்டைப் போட்டுப் பாத்தா, அம்மா. பழைய டிவிக்கு கல்யாணத்துக்கு முன்னாடி அவங்களே பின்னின ரோஜாப்பூ எம்ப்ராய்டரி கவர் ஒண்ணு இருக்கும், அதை எடுத்து பொட்டிக்கு மேல இருந்து கீழ வரைக்கும் நாலு பக்கமும் அழகா போத்தி, முன்னாடி மரப் பட்டை மட்டும் தெரியிற மாதிரி மடிச்சு விட்டிருக்காங்க.

"தூசி படுதுல்ல தம்பி, இவ்ளோ காசு போட்டு வாங்கியிருக்க"ன்னாங்க காலைல. நான் ஃபோம், டபரா, வோல்டேஜ் எல்லாத்தையும் விளக்கினேன், காத்து போகணும்மா, துணி போட்டா மூச்சு முட்டும்னு. கேட்டுட்டு சரின்னாங்க.

அடுத்த மாசம் போனப்போ ஷோகேஸ்ல புதுசா ஒரு உறை ரெடியா இருந்துச்சு. பழைய கொசுவலைய வெட்டி, ஓரத்துல பச்சை கலர் ஜாக்கெட் துணி வெச்சுத் தெச்சு, அடியில இறுக்கிப் புடிக்க நாடா கோத்து, முன்பக்கம் பட்டனுக்கு நேரா ஒரு ஓட்டை விட்டு. அளவு எப்படிம்மா எடுத்தீங்கன்னு கேட்டா, நான் பேக் பண்றப்போ ஜாணால அளந்து வெச்சிருந்தாங்களாம். மாட்டி ஒரு மணி நேரம் ஆடிப் பாத்தேன். ரெண்டு டிகிரி தான் கூட. ராத்திரி கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா வலை பூரா சாம்பல் மாதிரி தூசி, ஒரு மூலையில செத்த கொசு ரெண்டு, பொட்டி உள்ள பளிச்சுன்னு இருக்கு. சென்னைக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்கேன், இந்த தடவை நீல பார்டர்.